ஹப் மோட்டாரும் சக்கரமும்: வாட்டைப் பார்ப்பதற்கு முன் சைக்கிளை அளந்துவிடுங்கள்

சக்கரத்தின் நடுவிலேயே உட்காரும் ஹப் மோட்டாரைப் போட்டுச் சைக்கிளை மின்சாரத்துக்கு மாற்றலாம் என்று முடிவு செய்தவர் முதலில் கேட்பது, "எத்தனை வாட் மோட்டார் போடலாம்?" என்பதுதான். விற்பவர்களும் அந்த எண்ணைத்தான் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். ஆனால் பெட்டி வந்து இறங்கிய பிறகு தொடங்கும் தலைவலிகளில் பெரும்பாலானவற்றுக்கும் வாட்டுக்கும் சம்பந்தமே இருக்காது. அச்சு காடிக்குள் இறங்காது. டயர் ரிம்மில் ஏறாது. பிரேக் காலிப்பர் மோட்டார் மூடியில் உரசும். மேட்டில் மோட்டார் கொதிக்கும். சில மாதம் போனால் போக்ஸ் கம்பிகள் ஒவ்வொன்றாக அறும்.

பொருள் வருவதும், பொருந்தாமல் திரும்பப் போவதும், மறுபடி காத்திருப்பதுமாக நான் நிறையவே இழுபட்டுவிட்டேன். எந்த வரிசையில் முடிவெடுத்தால் அந்த அலைச்சல் மிச்சம் என்பது மட்டும்தான் இங்கே. மோட்டாரைப் பிறகு பார்க்கலாம், சைக்கிளிலிருந்து தொடங்குங்கள்.

1. சக்கரத்தைக் கழற்றி அளவெடுங்கள்

எந்தச் சக்கரத்தை மாற்றப்போகிறீர்களோ அதைக் கழற்றிவிட்டு, அச்சு உட்காரும் இரண்டு காடிகளுக்கும் இடையே உள்ள உள்பக்க இடைவெளியை அளந்து கொள்ளுங்கள். முன்பக்கம் பெரும்பாலும் 100 மி.மீ. இருக்கும். பின்பக்கம் மலைச் சைக்கிள், நகரச் சைக்கிள்களில் 135 மி.மீ. பழைய ரோடு சைக்கிள் என்றால் 126 அல்லது 130. ஸ்டீல் ஃபிரேமில் 130-ஐ 135 ஆக விரித்துக்கொள்ளலாம். அலுமினியத்தில் அந்த வேலை வேண்டாம், அது வளைவதற்கு முன் விரிசல் விடும்.

இடைவெளி 142 அல்லது 148 வந்து, காடி திறந்திருக்காமல் வட்டத் துளையாக இருந்தால் அது ஊடச்சு (through axle) வகை, அச்சு துளைக்குள் ஊடுருவிப் போகும். சந்தையில் இருக்கும் பெரும்பாலான ஹப் மோட்டார்கள் அதில் ஏறாது. அதற்கென்றே செய்த மோட்டாரைத் தேட வேண்டும், அல்லது பெடல் பக்கம் பொருத்தும் மோட்டாருக்குப் போக வேண்டும்.

அடுத்தது காடியின் அகலம். ஹப் மோட்டாரின் அச்சு 12 அல்லது 14 மி.மீ. தடிமன். அதன் இரண்டு பக்கமும் தட்டையாகச் சீவி 10 மி.மீ. ஆக்கியிருப்பார்கள். பின் காடி வழக்கமாக 10 மி.மீ. என்பதால் நேராக இறங்கிவிடும். முன் காடி 9 மி.மீ. அளவில்தான் இருக்கும், கொஞ்சம் அரம் போட வேண்டியிருக்கும். அரம் போடுவதென்றால் பக்கச் சுவர்களை மட்டும் சீவுங்கள், காடியின் அடியைத் தொடாதீர்கள். அடியைச் சீவினால் சக்கரம் கோணலாக உட்காரும்.

இந்த அளவுகளோடு டிஸ்க் பிரேக் உண்டா, பின்னால் எத்தனை பல்சக்கரம், ரிம்மில் எத்தனை துளை, டயர் பக்கவாட்டில் என்ன எண் என்பதையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் விற்பவரோடு வாக்குவாதம் வந்தால் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான்.

2. முன் சக்கரமா, பின் சக்கரமா?

முன்னால் போடுவது சுலபம். கியர், செயின் எதையும் தொட வேண்டாம். ஆனால் ஃபோர்க் ஸ்டீலாக இருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும் சாதாரண மோட்டார், வெறும் 10 மி.மீ. அகலமுள்ள அச்சின் வழியாக எதிர்ப்பக்கம் முறுக்குகிறது. காடியின் சுவரில் விழும் விசை சுமார் 4000 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 400 கிலோ எடை. ஸ்டீல் கொஞ்சம் வளைந்து கொடுத்து எச்சரிக்கும். வார்ப்பு அலுமினியம் முன்னறிவிப்பு இல்லாமல் பிளந்துகொள்ளும், அச்சு வெளியே வந்துவிடும். ஓடும்போது முன் சக்கரம் கழன்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சஸ்பென்ஷன் ஃபோர்க், கார்பன் ஃபோர்க் இரண்டிலும் முன் மோட்டார் வேண்டாம்.

பின்னால் போட்டால் பிடிமானம் நன்றாக இருக்கும், ஃபிரேமும் உறுதி. மண் பாதை, ஏற்றம், கூடுதல் சுமை என்றால் பின்னால்தான். பஞ்சர் பார்ப்பது மட்டும் தொந்தரவு.

3. கியர் மோட்டாரா, நேரடி மோட்டாரா?

கியர் வகையில் உள்ளே ஒரு சின்ன மோட்டார் வேகமாகச் சுற்றும். நடுவில் உள்ள பல்லைச் சுற்றி அமைந்த சின்னப் பல்சக்கரங்களான கோள்கியர்கள் அதை ஐந்தில் ஒன்று போலக் குறைத்துச் சக்கரத்துக்குக் கொடுக்கும். எடை 2 முதல் 4 கிலோ. உள்ளே ஃப்ரீவீல் (ஒரு திசையில் மட்டும் பிடிக்கும் அமைப்பு) இருப்பதால் மின்சாரம் இல்லாதபோது சாதாரணச் சைக்கிள் போலவே உருளும். மெல்லிய இரைச்சல் இருக்கும். நைலான் கியர் பல காலம் கழித்துத் தேயும், கழற்றி மாற்றிக்கொள்ளலாம்.

நேரடி மோட்டாரில் கியர் இல்லை, மோட்டாரின் கூடேதான் சக்கரத்தின் நடுப்பகுதி. சத்தம் கிடையாது, தேய பேரிங் தவிர ஒன்றும் இல்லை. பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் சார்ஜ் பேட்டரிக்குத் திரும்பும். ஆனால் எடை 5 கிலோவைத் தாண்டும், மின்சாரம் இல்லாமல் மிதித்தால் காந்தம் பின்னுக்கு இழுக்கும். நீண்ட ஏற்றத்தை மெதுவாக ஏறினால் சுருள் சூடாகும்.

நகரத்துக்குள் நின்று நின்று போகிறவர், பாலம் மேடு ஏறுகிறவர், சைக்கிளைப் படியேற்றுகிறவர் எல்லாருக்கும் என் பதில் கியர் மோட்டார்தான். சமதளத்தில் நீண்ட தூரம் ஒரே வேகத்தில் போகிறவருக்கு நேரடி மோட்டார் சரி. "திரும்ப சார்ஜ் ஏறும்" என்ற ஒரே காரணத்துக்காக அதை எடுக்க வேண்டாம். சைக்கிளின் எடைக்கும் வேகத்துக்கும் திரும்பக் கிடைப்பது சொற்பம். பிரேக் கட்டை தேய்வது குறையும் என்பதுதான் உருப்படியான லாபம்.

4. "26 இஞ்ச்" என்ற சொல்லை நம்பாதீர்கள்

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். இஞ்ச் அளவு பெயருக்குத்தான். ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம் மி.மீ. கணக்கில் டயரின் பக்கவாட்டில் அச்சிடப்பட்டிருக்கும். 50-559 என்று இருந்தால் 50 டயரின் அகலம், 559 ரிம்மின் விட்டம். இந்த இரண்டாவது எண்தான் உங்களுக்கு வேண்டும்.

மலைச் சைக்கிளின் 26 இஞ்ச் 559. ஆனால் 26 × 1⅜ என்று எழுதியிருந்தால் அது 590. இரண்டும் "26" தான், ஒன்றின் டயர் மற்றொன்றில் ஏறவே ஏறாது. 28 இஞ்சிலும் இதே கதை: 700சி ரிம் 622, கனமான பழைய பாணிச் சைக்கிளின் 28 × 1½ ரிம் 635. 29 இஞ்ச் என்று விற்பதும் 622 தான். 27.5 என்பது 584. மடக்குச் சைக்கிளின் 20 இஞ்ச் பெரும்பாலும் 406, சிலவற்றில் 451.

எனக்கு ஒரு விற்பனையாளர் 26 என்று அனுப்பிய சக்கரம் 590. டயரை ஏற்றிப் பார்த்தால் விளிம்புக்கு முன்பே நின்றுவிட்டது. கேட்டால், "26 என்றுதானே கேட்டீர்கள்?" என்றார். ஆகவே ஆர்டரில் "559" என்ற எண்ணை எழுத்தில் போடுங்கள், அவரிடமிருந்தும் எழுத்தில் வாங்குங்கள்.

ரிம் பிரேக் வைத்திருப்பவர்கள் சைக்கிளில் இருக்கும் அதே எண்ணைத்தான் வாங்க முடியும். டிஸ்க் இருந்தால் வேறு அளவுக்குப் போகும் சுதந்திரம் உண்டு, ஃபிரேமில் இடம் இருக்கும் வரை.

5. மோட்டாரின் சுற்றைக் கேளுங்கள்

ஒரே மாதிரியான மோட்டார், ஒரே கூடு, ஒரே விலை. ஆனால் உள்ளே செம்புக் கம்பி எத்தனை சுற்று சுற்றியிருக்கிறது என்பதைப் பொறுத்து ஒன்று மெதுவாக, ஆனால் நன்றாக இழுத்து ஓடும், இன்னொன்று வேகமாக ஓடும். விற்பவர்கள் இதை 36 வோல்டில் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று சொல்வார்கள். 201, 260, 328 ஆகியவை அடிக்கடி கண்ணில் படும் எண்கள்.

சுற்று எண்ணைச் சக்கரத்தின் சுற்றளவால் பெருக்கி, 60-ஆல் பெருக்கி, 1000-ஆல் வகுத்தால் மணிக்கு இத்தனை கி.மீ. என்று வரும். 50-559 டயரின் சுற்றளவு சுமார் 2.07 மீட்டர். அப்படியானால் 201 சுற்றுக்கு 25, 260-க்கு 32, 328-க்கு 41. இது சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெறுமனே சுற்றவிடும்போது வரும் வேகம். ஆள் ஏறிச் சமதளத்தில் போனால் சுமார் ஐந்தில் நான்கு பங்கு கிடைக்கும்: 20, 26, 33.

"சரி, வேகமானதையே எடுத்துவிடலாமே, தேவைப்படும்போது மெதுவாக ஓட்டிக்கொள்ளலாம்" என்று தோன்றும். அது தப்புக் கணக்கு. மோட்டார் அதன் வெற்றுவேகத்தில் முக்கால்வாசிக்குப் பக்கத்தில் ஓடும்போதுதான் மின்சாரத்தை நன்றாக வேலையாக மாற்றும். மேட்டில் திணறி, பாதி வேகத்துக்கும் கீழே இறங்கி, அங்கேயே நெடுநேரம் நின்றால் பேட்டரி தருவதில் கணிசமான பங்கு வெப்பமாகத்தான் போகும். கூட்டைத் தொட்டுப் பார்த்தால் கை வைக்க முடியாது. கியர் மோட்டாரில் சுருள் உள்ளே தனியாக இருப்பதால் வெளிக்கூடு சுடுவதற்குள் உள்ளே நிலைமை முற்றியிருக்கும்.

உங்கள் பாதையில் மிக மோசமான ஏற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆளும் சைக்கிளுமாக 100 கிலோ, 8 சதவீத ஏற்றம் என்றால் மேலே தள்ள ஏறக்குறைய 80 நியூட்டன் வேண்டும். அதை மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் ஏற சக்கரத்தில் 330 வாட் தேவை. இழப்புகளையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 450 வாட்டுக்கு மேல் வாங்கும். நீங்களும் மிதித்தால் அதில் 100 வாட் குறையும். மேடு அதிகம், உடல் எடை அதிகம், பின்னால் குழந்தை உட்காரும் என்றால் 559 சக்கரத்துக்கு 201 எடுங்கள். சமதளத்துக்கு 260. 328 என்பது சின்னச் சக்கரத்துக்கு உரியது. 406 ரிம்மில் அது ஆளோடு 25 கி.மீ. தரும், அளவாக இருக்கும்.

சின்னச் சக்கரத்துக்கு இன்னொரு லாபமும் உண்டு. அதே 40 நியூட்டன் மீட்டர் மோட்டார் 406 சக்கரத்தில் சுமார் 158 நியூட்டன் தள்ளும். அகலமான டயர் போட்ட 622 சக்கரத்தில் 111 தான். பெரிய சக்கரத்துக்கு மெதுவான சுற்று வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

வோல்டை ஏற்றினால் சுற்றும் அதே விகிதத்தில் ஏறும். 201 மோட்டாரை 48 வோல்டில் ஓட்டினால் 268 ஆகிவிடும். நீங்கள் தேடும் 260 கிடைக்கவில்லையென்றால் இது நல்ல மாற்றுவழி. கண்ட்ரோலரும் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) பேட்டரியும் 48-க்கு உரியவையாக இருக்க வேண்டும். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: 36 வோல்ட் பேட்டரி முழுச் சார்ஜில் 42 காட்டும், தீரும் தறுவாயில் 30-ஐ ஒட்டி இறங்கும். பயணத்தின் முடிவில் சைக்கிள் மந்தமாகப் போவது பழுது அல்ல.

6. இப்போது வாட், சட்டம், காகிதங்கள்

மோட்டாரின் மேல் ஒட்டியிருக்கும் வாட் எண் வெறும் ஸ்டிக்கர் என்று சொன்னால் மிகையில்லை. ஒரே மோட்டார் 250 என்றும் 350 என்றும் விற்கப்படுவதுண்டு. உண்மையில் எவ்வளவு சக்தி போகிறது என்பதைப் பேட்டரியின் வோல்டும் கண்ட்ரோலரின் ஆம்பியரும் தீர்மானிக்கின்றன. 36 வோல்ட், 15 ஆம்பியர் என்றால் உச்சத்தில் 540 வாட்.

ஆனால் சட்டத்துக்கு அந்த ஸ்டிக்கர் முக்கியம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 250 வாட் தொடர்திறன் (அதிகம் சூடாகாமல் இடைவிடாது தரக்கூடிய சக்தி), மிதித்தால் மட்டும் உதவி, 25 கி.மீ. வேகத்தில் உதவி நின்றுவிட வேண்டும். அமெரிக்கக் கூட்டரசின் வரையறை 750 வாட்டுக்குக் கீழ், மணிக்கு 20 மைலுக்குக் கீழ். உங்கள் ஊர் விதியைத் தாண்டினால் சைக்கிள் சைக்கிளாகக் கருதப்படாது. பதிவு, உரிமம், காப்பீடு எல்லாம் கேட்பார்கள், விபத்து நடந்தால் பிரச்சினை இரட்டிப்பாகும். வாங்குவதற்கு முன் அந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

விற்பவரிடம் கேட்டு வாங்க வேண்டியவை: தொடர்திறன் குறிப்பிட்ட விவரத்தாள், அச்சின் நீளமும், காடிகளுக்கு நடுவே உட்காரும் தோள் அகலமும் காட்டும் வரைபடம், மாதிரி எண் எழுதிய ரசீது. பேட்டரியும் வெளியூரிலிருந்து வருகிறதென்றால் யூ.என். 38.3 (லித்தியம் பேட்டரியை அனுப்புவதற்கான ஐ.நா. பாதுகாப்புச் சோதனை) சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். லித்தியம் பேட்டரியை அது இல்லாமல் முறையாக அனுப்ப முடியாது. வரைபடம் இல்லை என்று சொல்கிறவரிடம் நான் வாங்குவதில்லை.

7. கம்பியும் ரிம்மும்

மோட்டாரை மட்டும் வாங்கிச் சக்கரம் கட்டலாம், கட்டிய சக்கரமாகவும் வாங்கலாம். கட்டியதே வாங்கினாலும் கீழே சொல்வதைப் பார்த்துவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள்.

முதலில் கம்பியின் தடிமன். 14 கேஜ் 2.0 மி.மீ., 13 கேஜ் 2.3, 12 கேஜ் 2.6. தடித்த கம்பி பலமானது என்று நினைத்து 12 கேஜ் கேட்பவர்கள் அதிகம். நடப்பது நேர்மாறு. சக்கரத்தைத் தாங்குவது கம்பியில் இருக்கும் இழுவிசை. தடித்த கம்பியை ரிம் தாங்கும் அளவுக்கு இழுத்தாலும் அது போதுமான அளவு நீள்வதில்லை. பள்ளத்தில் விழும்போது ரிம் சற்று அமுங்கினாலே கம்பி தளர்ந்துவிடும், கம்பியை ரிம்மில் பிடிக்கும் குட்டி நட்டான நிப்பிள் கழன்றுகொண்டே வரும், கடைசியில் தலைக்குக் கீழே உள்ள வளைவில் அறும். 14 அல்லது 13 கேஜே போதும். தலைப்பக்கம் தடித்து நடுவில் மெலிந்த கம்பி கிடைத்தால் இன்னும் நல்லது. மோட்டாரின் துளை தடித்த கம்பிக்காகப் போட்டிருந்தால், தலைக்கு அடியில் குட்டி வாஷர் ஒன்று கொடுத்துக் கட்டச் சொல்லுங்கள்.

அடுத்தது பின்னல். சாதாரணச் சக்கரத்தில் ஒவ்வொரு கம்பியும் மூன்று கம்பிகளைக் கடந்து போகும். ஹப் மோட்டாரின் விட்டம் பெரிது, கம்பி குட்டை. அதே மூன்று கடப்பைப் போட்டால் கம்பி ரிம்மைச் சாய்வாகச் சந்திக்கும். நிப்பிள் நேராக நிற்க, கம்பி அதன் வாயிலேயே மடிந்து வெளியே வரும். அந்த மடிப்பில், மரை தொடங்கும் இடத்தில்தான் அறும். பெரிய நேரடி மோட்டாருக்கு ஒரு கடப்பு போதும், சின்ன ரிம்மாக இருந்தால் கடப்பே இல்லாமல் நேராகவும் கட்டுகிறார்கள். சின்னக் கியர் மோட்டாருக்கு 559, 622 ரிம்மில் இரண்டு கடப்பு வரை போகலாம். சக்கரம் கைக்கு வந்ததும் ரிம்முக்குப் பக்கத்தில் கண்ணை வைத்துப் பாருங்கள். கம்பியும் நிப்பிளும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும்.

ரிம் இரட்டைச் சுவர் உள்ளதாக இருக்கட்டும், ஒற்றைச் சுவர் ரிம் மோட்டாருக்குத் தாங்காது. துளை எண்ணிக்கை மோட்டாரோடு பொருந்த வேண்டும். பெரும்பாலான மோட்டார்கள் 36 துளை, சில 32. உங்கள் பழைய ரிம்மையே பயன்படுத்தலாம் என்று நினைத்தால் முதலில் துளையை எண்ணுங்கள்.

நீங்களே கட்டுவதென்றால் கம்பியின் நீளத்தைக் கணக்கிட மோட்டாரில் கம்பித் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம், இரு விளிம்புகளின் இடைவெளி, ரிம்மில் நிப்பிள் உட்காரும் இடத்தின் விட்டம், கடப்பு எண்ணிக்கை ஆகியவை தேவை. ரிம்மின் அளவை விவரத்தாளை நம்பி எடுக்காமல், ரிம்மை வாங்கி அளந்த பிறகே கம்பி ஆர்டர் செய்யுங்கள். இரண்டு மி.மீ. தவறினாலே கம்பி நிப்பிளுக்குள் போதுமான மரை பிடிக்காது, இல்லை டியூபைக் குத்தும்.

8. பல்சக்கரமும் டிஸ்க்கும்

பின் மோட்டாரில் திருகி ஏற்றும் ஃப்ரீவீல் பல்சக்கரத் தொகுப்புக்கு உரியது, சறுக்கி ஏற்றும் கேசட்டுக்கு உரியது என இரண்டு வகை உண்டு. 8, 9 பல்சக்கரம் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் கேசட் வகையைத்தான் கேட்க வேண்டும். ஃப்ரீவீல் வகை என்றால் அதைக் கழற்றும் கருவி மோட்டாரின் தடித்த அச்சுக்கு மேல் போகுமா என்று பாருங்கள், சாதாரணக் கருவியின் துளை சிறிதாக இருக்கும்.

டிஸ்க் பிரேக்குக்கு ஆறு துளைப் பொருத்தம் இருக்கிறதா என்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். மோட்டாரின் மூடி புடைத்திருந்தால் காலிப்பர் அதில் இடிக்கும். தட்டுக்கும் மோட்டாருக்கும் நடுவே வாஷர் தட்டு கொடுத்துச் சிறிது தள்ளலாம், அதற்கும் எல்லை உண்டு. வரைபடம் கேட்கச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

9. செலவும் காலமும்

மொத்தச் செலவில் பெரும்பங்கு பேட்டரிக்குப் போகும். மோட்டாரில் மிச்சம் பிடிப்பதற்காக அலைவதால் பெரிய லாபம் இல்லை. கணக்கில் விட்டுப்போகிறவை வேறு: சக்கரம் கட்டும் கூலி, முறுக்குத் தாங்கி (அச்சு காடிக்குள் திரும்பாமல் பிடிக்கும் பட்டை), புது டயர், ஃப்ரீவீல், சுங்கவரி. கட்டிய சக்கரம் பெட்டி பெரிதாக வரும் என்பதால் அனுப்பும் கூலி எகிறும். மோட்டார் மட்டும் என்றால் பெட்டி சிறிது, ஆனால் கட்டுபவரைத் தேட வேண்டும். பக்கத்தில் நல்ல கை இருந்தால் மோட்டார் மட்டும் வாங்குவதே மேல்.

ஆர்டர் வரிசையும் முக்கியம். மோட்டார் வந்து, அளந்து, சைக்கிளில் வைத்துப் பார்த்த பிறகுதான் கம்பி வாங்குங்கள். பேட்டரியைக் கடைசியில் வாங்குங்கள். மாதக்கணக்கில் சும்மா கிடந்தால் அதன் ஆயுள்தான் குறையும், உத்தரவாதக் காலமும் ஓடிக்கொண்டிருக்கும். பெட்டி வந்த அன்றே திறந்து அளந்துவிடுங்கள். திருப்பி அனுப்பும் கெடு பெரும்பாலும் பெட்டி வந்த நாளிலிருந்தே தொடங்கிவிடும், பொருத்திப் பார்க்கும் நாளிலிருந்து அல்ல.

10. பொருத்தும்போது

முறுக்குத் தாங்கி என்பது அச்சின் தட்டைப் பக்கத்தைக் கவ்விப் பிடித்து, மறுமுனையை ஃபிரேமில் கட்டும் ஸ்டீல் பட்டை. முன் மோட்டாருக்கு அது கட்டாயம், பின்னால் அலுமினியக் காடி என்றாலும் கட்டாயம். நேரடி மோட்டாரில் பிரேக் பிடிக்கும்போது முறுக்கு எதிர்த்திசையில் மாறும் என்பதால் நட்டு மெல்ல மெல்லத் தளரும். அதற்கு இரு பக்கமும் போட்டுவிடுங்கள்.

சில ஃபோர்க்குகளில் காடியைச் சுற்றிக் கிண்ணம் போன்ற பள்ளம் இருக்கும். வெறும் வாஷரை வைத்து இறுக்கினால் அது பள்ளத்தின் விளிம்பில் ஏறி நிற்கும், அச்சு மெல்ல நழுவும். பள்ளத்துக்குள் உட்காரும் சி வடிவ வாஷரைப் போட்டு நிரப்பிவிட்டு இறுக்குங்கள். அச்சிலிருந்து வெளியே வரும் வயர் கீழ்நோக்கித் தொங்கி ஒரு வளைவு எடுத்து மேலே போகட்டும், மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். மேலிருந்து நேராக இறங்கினால் தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டு மோட்டாருக்குள் போகும்.

முதல் 50 கி.மீ. ஓடியதும் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் சுண்டுங்கள். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே ஒலி எழுப்ப வேண்டும், சத்தமே வராமல் மொத்தென்று இருப்பது தளர்ந்த கம்பி. அப்போதே கோட்டம் எடுத்து இறுக்கிவிட்டால் பிறகு நீண்ட நாள் தொந்தரவு இருக்காது. அப்புறம், அச்சு நட்டுக்கு உரிய ஸ்பேனரையும், வயரைக் கட்டிய பட்டையை வெட்ட ஒரு சின்னக் கத்தரியையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வழியில் பஞ்சர் ஆனால் இவை இரண்டும் இல்லாமல் மோட்டார் சக்கரம் கழறாது.